கென்டக்கிப் புகையும் தொண்டைக் கமறலும்: அமெரிக்க மூக்குப்பொடி அனுபவம்

அட்லாண்டாவில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "ஊர்ல இருந்து கொண்டுவந்த பட்டணம் பொடி தீர்ந்துபோச்சு. இங்க கடையில கேரட், புரூட்டன்னு சின்னச் சின்ன டப்பா வச்சிருக்காங்க. நீங்கதான் போடுறீங்களே, எதை வாங்கலாம்?" கேரட் (Garrett), புரூட்டன் (Bruton) இரண்டும் இங்குள்ள மூக்குப்பொடி பிராண்டுகள். அப்போதைக்கு ஏதோ சொல்லிவைத்தேன். டென்னசிக்குக் குடிவந்ததிலிருந்து இந்த அமெரிக்க உலர்பொடிகளை மாற்றி மாற்றிப் போட்டு வருகிறேன். அவற்றின்மேல் எனக்கு இருக்கும் பிரியமும் கோபமும் ஒரு போன் பேச்சில் அடங்குவதில்லை. அதனால் விரிவாக எழுதுகிறேன்.

கோபத்திலிருந்தே தொடங்குகிறேன். இந்தப் பொடி மூக்கில் தங்காது. நம் ஊர்ப் பொடியில் நெய்யும் சுண்ணாம்பும் சேர்வதால் ஒரு கனம் இருக்கும்; சிட்டிகை எடுத்தால் விரலுக்குள் உட்காரும். இங்கிலாந்துப் பொடிகள் பலவற்றில் ஈரத்தை விட்டுவைத்திருப்பார்கள். அமெரிக்காவில் ஸ்காட்ச் என்று அழைக்கும் உலர்பொடி வகையில் நெய்யும் கிடையாது, ஈரமும் கிடையாது. ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே. அரைவையோ அவ்வளவு நைஸ். மூடியைத் திறக்கும்போதே ஒரு தூசிப் படலம் எழும். ஊர்ப் பொடியை இழுக்கிற மாதிரி இழுத்தால் மூக்கைத் தாண்டி நேரே தொண்டைக்குப் போய்விடும். தும்மல் வராது, கமறல்தான் வரும். அடித்தொண்டையில் கசப்பு இறங்கும், கண்ணில் நீர் கட்டும், அடுத்த கால் மணி நேரத்துக்குக் குரல் கரகரக்கும்.

இதற்கு ஒரு வழி உண்டு. கடுகளவு போதும். விரலை மூக்கருகே கொண்டுபோய், மூச்சை வேகமாக இழுக்காமல், வாசனை பார்க்கிற அளவுக்கு மட்டும் உள்ளே விட வேண்டும். பொடி மூக்கின் முன்பகுதியிலேயே நின்றால் எரிச்சலே இல்லை. சொல்ல எளிதாக இருக்கிறது. ஆனால் குளிர்காலத்தில் மூக்கு வறண்டிருக்கும் நாளில் எவ்வளவு மெதுவாக விட்டாலும் புரையேறுகிறது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இத்தனை காலமாகியும் சரியாகவில்லை.

அப்படியானால் ஏன் இன்னும் போடுகிறாய் என்று கேட்டால், அந்தப் புகை மணத்துக்காகத்தான்.

இந்தப் பொடிகளின் அடிப்படை, தீப்புகையில் பதப்படுத்திய கருநிறப் புகையிலை. மேற்குக் கென்டக்கியிலும் அதை ஒட்டிய டென்னசியிலும் விளைவது. ஹாப்கின்ஸ்வில், கிளார்க்ஸ்வில், ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம் இலையுதிர் காலத்தில் காரில் போனால் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். செடியைத் தண்டோடு வெட்டி, குச்சிகளில் கோத்து, உயரமான மரக்கொட்டகைக்குள் அடுக்கடுக்காகத் தொங்கவிடுகிறார்கள். தரையில் ஹிக்கரி, ஓக் போன்ற மரத்துண்டுகளைப் பரப்பி, மேலே மரத்தூளைக் கொட்டி மூடி நெருப்பு வைக்கிறார்கள். சுடர் எழக் கூடாது, புகை மட்டும் வர வேண்டும். நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் இலை அந்தப் புகையிலேயே கிடக்கிறது. பலகை இடுக்குகளிலெல்லாம் புகை கசியும். புதிதாகப் பார்ப்பவர்கள் கொட்டகை பற்றி எரிகிறதென்று பதறிப்போவார்கள். இத்தாலியர்களின் டோஸ்கானோ சுருட்டுக்கும் இதே கென்டக்கி வகைதான் ஆதாரம் என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன்.

கேரட் ஸ்காட்ச் டப்பாவைத் திறந்து முகர்ந்தால் அந்தக் கொட்டகை முழுவதும் கைக்குள் இருக்கிறது. மழைக்காலத்தில் விறகடுப்பு எரித்துக் கறுத்த சமையற்கட்டுச் சுவரின் மணம் போல, பழையதும் கதகதப்பானதுமான ஒரு வாசனை. அதன் அடியில் மெல்லிய இனிப்பும் இருக்கிறது. வாசனை எண்ணெய் எதையும் கலந்து இதைக் கொண்டுவர முடியாது. நான் போட்டுப் பார்த்த ஜெர்மன், ஆங்கிலப் பொடிகளில் இதற்கு ஈடாக ஒன்றும் இல்லை. பொடி போடுகிறவர் யாராக இருந்தாலும் இந்த மணத்தை ஒருமுறையாவது அறிந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஹானஸ்ட் என்ற பிராண்ட் இன்னும் ஒரு படி மேலே. புகையின் அளவு அதில் அதிகம், நெடியும் அதிகம். சட்டையில் பட்டால் சாயங்காலம் வரை விடாது. புரூட்டனில் புகை குறைவு, மண்வாசனை தூக்கல்; அது எனக்கு நடுத்தரம்தான். டென்டல் காரமானது, காலையில் ஒரு சிட்டிகைக்கு நன்றாக இருக்கும். ஆனாலும் கண்ணைக் கட்டிவிட்டு இவற்றைப் பிரித்துச் சொல்லச் சொன்னால் இரண்டு, மூன்றில் நான் தடுமாறுவேன். இந்த ஒற்றுமைக்கு வரலாற்றிலேயே காரணம் இருப்பதாகப் படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டின் மூக்குப்பொடி வியாபாரம் பெரும்பாலும் புகையிலை டிரஸ்ட் என்ற ஏகபோகக் கூட்டமைப்பின் கைக்குள் போய்விட்டது. அவர்கள் வைத்ததுதான் விலை என்றானபோது இந்தக் கருநிறப் புகையிலை விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். 1907 டிசம்பரில் இரவோடு இரவாக ஹாப்கின்ஸ்வில்லில் நுழைந்து கிடங்குகளைக் கொளுத்தினார்கள். 1911இல் உச்ச நீதிமன்றம் டிரஸ்டைக் கலைத்தது. பொடி வியாபாரம் அமெரிக்கன் ஸ்னஃப், ஹெல்ம், வைமன் அண்ட் புரூட்டன் என்று மூன்றாகப் பிரிந்தது. லேபிள்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போயின. இலை வந்தது அதே கொட்டகைகளிலிருந்துதான்.

இனிப்பு வகைகளைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஆசையில்லை. கேரட் ஸ்வீட் மைல்ட், பீச் போன்றவை அந்த ரகம். நாக்குக்காகச் செய்த இனிப்பு மூக்குக்கு எதையும் தருவதில்லை, புகையை மழுங்கடிப்பதோடு சரி. பழைய நாளில் நியூயார்க்கில் லோரிலார்ட் குடும்பம் பிராங்க்ஸ் ஆற்றங்கரை ஆலையில் ரோஜா இதழ் சேர்த்துப் பொடி செய்தார்களாம். ஆலைக் கட்டடம் இன்றும் அங்குள்ள தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கிறது. அந்த மாதிரி வாசனைப் பொடி ஒன்று இப்போதும் கிடைத்திருந்தால் நான் சந்தோஷமாகத் தேடிப்போயிருப்பேன்.

இந்த அரைவையில் எனக்கு இருக்கும் குறைக்கு நியாயமான பதில் ஒன்று உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பொடியை இங்கே மூக்குக்காகச் செய்வதில்லை. அமெரிக்கத் தெற்கில் தலைமுறைகளாக இதைக் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில்தான் அடக்கி வந்திருக்கிறார்கள். மரக்குச்சி நுனியை மென்று தூரிகையாக்கி, பொடியில் தோய்த்துப் பல்லிலும் ஈறிலும் தேய்ப்பார்கள். எச்சிலில் கரைய வேண்டிய பொடி நைஸாக இருப்பதில் தப்பில்லை. கடையில் ஒரு மூதாட்டி, நான் மூக்கில் போடுவதைக் கேட்டு நம்பவே இல்லை. அவருடைய அம்மா கரோலினாவில் நூற்பாலையில் வேலை பார்த்தவராம். பஞ்சு பறக்கும் ஆலைக்குள் சிகரெட் பற்ற வைக்க முடியாது. பெண்கள் உதட்டில் பொடியை வைத்துக்கொண்டே வேலை பார்த்தார்கள். அந்தக் காலத்தில் பொடி கண்ணாடி டம்ளரில் அடைத்து வரும். தீர்ந்ததும் கழுவி அதிலேயே தண்ணீர் குடிப்பார்கள் என்றார். பல தெற்கத்தி வீடுகளில் அந்த டம்ளர்கள் இன்னும் இருக்கின்றன.

அந்தப் பெண்களை நினைத்தால்தான் என் கோபம் அரைவையை விட்டு வேறு பக்கம் திரும்புகிறது. 1981இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், வட கரோலினாப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. புகைப்பழக்கமே இல்லாமல் பொடி மட்டும் அடக்கிய வெள்ளையினப் பெண்களுக்கு வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து நான்கு மடங்கு என்றும், வெகுகாலம் அடக்கியவர்களுக்கு ஈறு, உள்கன்னப் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ 50 மடங்கு என்றும் அது காட்டியது. டப்பாவில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம் என்ற சட்டம் 1986இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை தலைமுறை போயிருக்கும்! பல் தேய்க்கிற பொருளாகவே அவர்கள் அதை வீட்டில் வைத்திருந்தார்கள்.

நான் மூக்கில்தானே போடுகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்கள் இந்த உலர்பொடிகளில் மிக அதிகம். கொட்டகைப் புகை இலையில் ஏற்றிவிடும் பென்சோபைரீன் என்ற நச்சு வேறு. நான் மேலே இவ்வளவு புகழ்ந்த மணமும் இந்த விஷமும் ஒரே நெருப்பிலிருந்து வருகின்றன. அதோடு, தொண்டை வரை போகும் நைஸ் பொடி தொண்டையிலும்தான் படிகிறது. நிக்கோட்டினின் பிடியும் லேசானதல்ல. ஒரு நாள் போடாமல் இருந்தால் மதியத்துக்குள் சிடுசிடுப்பு வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

வாங்குவதும் எளிதாக இல்லை. 2010 சட்டத்துக்குப் பிறகு கடைக்காரர்கள் இந்தப் பொடியை அஞ்சலில் அனுப்ப முடியாது. கிராமப்புறக் கடைகளின் கீழ்த்தட்டில் தேட வேண்டும். நான் வாங்கிய டப்பாக்களில் ஒன்றின் மூடியைக் கத்தியால் நெம்பித்தான் திறக்க முடிந்தது, திறந்த வேகத்தில் பாதிப் பொடி மேசையில். எது புதுச் சரக்கு, எது வருஷக்கணக்காகக் கிடந்தது என்றும் தெரிவதில்லை. பழைய டப்பாவில் புகை மணம் பாதியாகக் குறைந்திருக்கும், தொண்டையைப் பிடிப்பது மட்டும் குறையாது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: எதையும் வாங்க வேண்டாம். கேரட்டும் ஹானஸ்டும் மணத்தில் ஈடற்றவை என்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையிலும் உறுதியாக இருக்கிறேன், ஆனாலும் வேண்டாம். ஊர்ப் பொடி தீர்ந்ததே நல்ல சந்தர்ப்பம், அப்படியே விட்டுவிடுங்கள். மணம்தான் வேண்டும் என்றால் அக்டோபரில் இங்கே வாருங்கள், ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம் கூட்டிப்போகிறேன். கொட்டகைப் புகையைச் சாலையில் நின்றே முகரலாம்.