ரைட் ஃப்ளையர் மாடலா, லாங்லி நம்பர் 5-ஆ?

ஆரம்பகால ஏரோப்ளேன் மாடல்னாலே எல்லாரும் ரைட் ஃப்ளையர் முன்னாடி போயி நிப்பாங்க. நியாயம்தான், 1903 டிசம்பர் 17 கிட்டி ஹாக்ல ஆளோட பறந்தது அதுதானே. ஆனா மியூசியத்துல மாடல்னு ஒண்ணு பாக்கணும்னா என் ஓட்டு அமெரிக்க விஞ்ஞானி லாங்லியோட ஏரோட்ரோம் (தன்னோட பறக்குற மெஷினுக்கு அவர் வச்ச பேரு) நம்பர் 5-க்குதான். ஃப்ளையர் மாடல் பறந்த ஒண்ணோட சின்ன நகல், நம்பர் 5 அதுவே பறந்த மாடல்.

1896 மே 6, பொடோமாக் ஆத்துல ஒரு படகுவீட்டு கூரைல இருந்து கேட்டபுல்ட் வச்சு தள்ளி விட்டாங்க, ஆள் கிடையாது, முன்னாடி ஒரு ஜோடி றெக்கை பின்னாடி ஒரு ஜோடி, சுமார் 1 குதிரைசக்தி நீராவி இன்ஜின், எடை 11 கிலோ சொச்சம்தான், அது சுமார் 1000 மீட்டர் போயி பூ மாதிரி தண்ணில இறங்குச்சு, எடுத்து அன்னைக்கே திரும்ப விட்டா இன்னொரு 700 மீட்டர். போட்டோ எடுத்தது கிரஹாம் பெல், ஆமா டெலிபோன் பெல்தான்!

மைனஸ் என்னன்னா திருப்ப வழியே இல்ல, விட்டா அது போற போக்குல போகும், அவ்ளோதான். அதுவும் போக அளவ நாலு மடங்காக்குனா தூக்குற றெக்கை பரப்பு 16 மடங்குதான், தூக்க வேண்டிய எடை 64 மடங்கு ஆயிடும். ஆள் ஏத்துற சைஸ்ல லாங்லி கட்டுனது 1903 அக்டோபர்லயும் டிசம்பர் 8-லயும் ஆத்துலயே விழுந்துச்சு, ஒம்போது நாள் கழிச்சு ரைட் பிரதர்ஸ் பறந்துட்டாங்க. (லாங்லி ஸ்மித்சோனியன்ங்கற அமெரிக்க மியூசிய நிறுவனத்தோட தலைவரா இருந்தவர்ங்கறதால, ஆளோட பறக்கக்கூடிய முதல் மெஷின்ங்கற பெருமைய அவங்க அவருக்கே குடுக்க, கடுப்பான ஆர்வில் ரைட் 1928-ல ஃப்ளையர லண்டனுக்கு அனுப்பிட்டாரு, திரும்பி வந்தது 1948-ல.)

ஃப்ளையர் மாடல்ல ஒரே விஷயம் பாருங்க, றெக்கை முறுக்குதா? பைலட் குப்புற படுத்து இடுப்ப அசைச்சா ஒயர் இழுத்து றெக்கை நுனி முறுக்கும், பிளேன் சாஞ்சு திரும்பும், மொத்த கண்டுபிடிப்பே அங்கதான் இருக்கு. விறைப்பா ஒட்டி வச்ச மாடல்ல அது செத்துடுச்சு. மத்தபடி ப்ரொப்பெல்லர் ரெண்டும் எதிரெதிரா சுத்த ஒரு பக்க செயின் குறுக்கா போகணும், வலது றெக்கை 4 இஞ்ச் நீளம் கூட, ஏன்னா இன்ஜின் அந்தப் பக்கம், பைலட்ட விட வெயிட். சக்கரம் இருந்தா வாங்கவே வாங்காதீங்க, ஒரிஜினலுக்கு சறுக்குக் கட்டைதான்.

வீட்டு ஷெல்ஃப்க்குன்னா ஃப்ளையர்தான் கிடைக்கும், 1/16 ஸ்கேல் எடுங்க, றெக்கை முக்கால் மீட்டர் வரும், அந்த 4 இஞ்ச் 6 மில்லிமீட்டரா தெரியும். 1/32-ல இடம் மிச்சம், ஆனா செயின் குறுக்கா போறத பாக்க லென்ஸ் தேடணும்.