வன்னி வெயிலில் ஒரு ஸ்கூட்டரின் ஏபிஎஸ் மூடிகள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கிளிநொச்சியில் ஓடும் ஸ்கூட்டரில் எஞ்சினைவிடப் பிளாஸ்டிக் மூடிகளே அதிகம் அடி வாங்குகின்றன. ஏ9 வீதியில் கவலை இல்லை. அதைவிட்டு வயல்பக்கம் இறங்கினால் கிரவல் கல் தெறிக்கும், மதகில் உரசும், நிறுத்தி வைத்த வண்டியை மாடு தள்ளிவிட்டுப் போகும். வண்டியோடு வந்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் பக்க மூடிகள் இவ்வளவையும் பல வருடங்கள் தாங்கின. ஒரு தடவை சரிந்து விழுந்ததில் ஒரு மூலை நன்றாக மடங்கியது. கழற்றிப் பார்த்தால், மடங்கிய இடத்தின் உள்பக்கம் பால் தெளித்தது போல வெளுத்திருந்தது, வெடிப்பு இல்லை.

அந்த வெளுப்பு நல்ல அறிகுறி. ஏபிஎஸ் என்பது ஸ்டைரீன் சார்ந்த விறைப்பான பிளாஸ்டிக். அதற்குள் பொலிபியூட்டடையீன் ரப்பர் துணிக்கைகள் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை ஒரு மைக்ரோமீற்றரிலும் சிறியவை. ரப்பர் இல்லாவிட்டால் அடியின் விசை ஒரே வெடிப்பின் நுனியில் குவிந்து, பள்ளிக்கூடத்து ஒளிபுகும் அடிமட்டம் போலப் பட்டென்று முறியும். ரப்பர் இருந்தால் ஒவ்வொரு துணிக்கையைச் சுற்றியும் பிளாஸ்டிக் சற்றே இழுபட்டு, எண்ணற்ற நுண்ணிய பிளவுகள் பிறக்கின்றன. அடியின் சக்தி அவற்றிலேயே செலவாகிவிடுகிறது. அவை ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெண்மை தெரிகிறது.

பிறகு மலிவாக ஒரு மாற்று மூடி வாங்கினேன். “ரப்பர் கலந்தது, உடையாது” என்றார் கடைக்காரர். கலந்தால் மட்டும் போதாது, ரப்பர் பிளாஸ்டிக்கோடு வேதியியல் பிணைப்பில் ஒட்டியிருக்க வேண்டும். அந்த மூடி முதல் கல்லுக்கே பிளந்தது. விளிம்பு சுத்தமாக இருந்தது, வெளுப்பின் சுவடே இல்லை.

அசல் மூடியின் பலவீனம் வெயில். பொலிபியூட்டடையீனின் இரட்டைப் பிணைப்புகளைப் புறஊதாக் கதிரும் ஒட்சிசனும் சேர்ந்து தாக்கும்போது ரப்பர் இறுகிவிடுகிறது. பெயின்ட் உரிந்த இடங்கள் முதலில் மஞ்சளித்தன, பின்னர் மேற்பரப்பு நொறுங்கத் தொடங்கியது. வெடிப்பு அங்கிருந்துதான் உள்ளே இறங்கியது. காப்பாற்றுவது ரப்பர், முதலில் சாவதும் அதுதான். உரிந்த இடத்துக்கு உடனே பெயின்ட் அடிப்பதும் வேம்பு நிழலில் நிறுத்துவதும் கைகொடுக்கின்றன. இன்னொன்று, திருகாணியை முறுக்கித் தள்ளாதீர்கள். அப்படி இறுக்கிய துளையில் பெட்ரோல் பட்டாலும் பிளாஸ்டிக்கில் வெடிப்பு விழும்.

பக்க மூடிக்கு, விலை கூடினாலும், பெயின்ட் அடித்த அசல் ஏபிஎஸ்தான் என் தெரிவு. வாங்கும்போது மூடியின் கொளுவி ஓரத்தைச் சற்று வளைத்து, வெடிக்காமல் வெளுக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முகம் கறுக்கும். கறுக்கட்டும்.