ஆறிய பிறகே அளக்கும் பட்டறை

மலேசியாவில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் ஊரில், பழைய கடைவரிசை ஒன்றின் பின்சந்தில் இயங்கும் ஒரு மோட்டார்சைக்கிள் பட்டறையைப் பற்றி எழுதுகிறேன். உரிமையாளர் தம் பெயரையும் கடைப் பெயரையும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து கப்சாய் என்ற சிறிய மோட்டார்சைக்கிளை ஓட்டி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இடம் தெரியும். தெரியாதவர்கள் சந்தைப் பக்கம் யாரைக் கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பல ஆண்டுகளாக ஹோண்டா ஈஎக்ஸ்5 வண்டியைத்தான் ஓட்டுகிறேன். சென்ற ஆண்டு வேறோர் ஊரில், வேறொரு பட்டறையில், புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டதாகச் சொல்லி என்னிடம் 340 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். மூன்றே வாரத்தில் இஞ்சின் தலைப்பகுதியில் 'டக் டக்' என்ற ஓசை எழுந்தது. புகைக்குழாயிலிருந்து நீலப்புகையும் வரத் தொடங்கியது. எண்ணெய் எரிந்தால் புகை அந்த நிறத்தில்தான் வரும் என்பது வண்டி ஓட்டும் எவருக்கும் தெரியும். அந்தக் கவலையோடுதான் இந்தப் பட்டறைக்கு முதல்முறையாகப் போனேன்.

வண்டியை நிறுத்தியதுமே வேலையைத் தொடங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ இஞ்சின்மேல் கையை லேசாக வைத்துப் பார்த்துவிட்டு, "டீச்சர், இஞ்சின் இன்னும் சூடா இருக்கு. இப்போ அளந்தா அளவு பொய் சொல்லும். ஆறட்டும்," என்றார். வால்வுக்கும் அதை அழுத்தும் நெம்புகோல் போன்ற பாகத்துக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி இந்த வண்டிக்கு 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் பருமன்கூட அதில் இராது. சூட்டில் உலோகம் விரிவதால் அந்த இடைவெளி மாறிவிடும். எனவே இஞ்சின் 35 பாகைக்குக் கீழே குளிர்ந்த பிறகுதான் அளக்க வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேடே சொல்கிறது. அவசரத்தில் சூட்டோடு திருகிவிடும் பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். இவர் அப்படிச் செய்வதில்லை. காத்திருக்க விரும்பாதவர்களைத் தடுப்பதுமில்லை.

இருந்த ஒரே முக்காலியில் அமர்ந்து காத்திருந்தபோது, முந்தைய நாள் வண்டியை விட்டுப்போன ஓர் இளைஞர் வந்தார். தம் வண்டியின் பக்கவாட்டில் கீறல் விழுந்திருப்பதாகக் கத்தினார். பட்டறைக்காரருடைய தாயையும் சேர்த்து ஏசிவிட்டுச் சாவியைத் தரையில் எறிந்தார். பட்டறைக்காரர் குனிந்து அந்தச் சாவியை எடுத்தார், இடுப்பில் செருகியிருந்த துணியால் அதிலிருந்த மண்ணைத் துடைத்தார், சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். பிறகு, "எந்தப் பக்கம், தம்பி? காட்டுங்க, நான் பாத்துத் தர்றேன்," என்று மட்டும் கேட்டார். இளைஞர் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பின் நான் கண்டதைத்தான் இந்த மதிப்புரையில் சொல்ல விரும்புகிறேன். அவர் முன்பு செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்பி, இடைவெளியை அளக்கும் மெல்லிய இரும்புத் தகட்டை விரல்களில் பிடித்தார். விரல்கள் நடுங்கின. தகட்டை எண்ணெய்த் துணியின்மேல் வைத்துவிட்டு, கண்ணை மூடி நின்றார், உதடுகள் அசைந்தன. கோபமே வரவில்லையா என்று நான் கேட்டபோது, "வந்துச்சு டீச்சர். அதான் கேஜைக் கீழே வெச்சிட்டேன். ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன், அவர் பாத்துக்குவார்," என்றார். அந்த நடுக்கத்தை நான் கண்ணால் பார்த்திராவிட்டால், இயல்பிலேயே சாதுவான மனிதர் என்று எண்ணிவிட்டு வந்திருப்பேன். கோபம் வருவதும், கோபத்தின் கையில் வேலையைக் கொடுப்பதும் வேறு வேறு காரியங்கள் என்பதை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்; அன்றைக்குத்தான் அதைக் கண்ணெதிரே கண்டேன். "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்" இருக்கும்படி வேதாகமத்தில் யாக்கோபு எழுதுகிறார். அந்தத் 'தாமதம்' என்ற சொல்லின் அருமை எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. கோபமே கூடாது என்று அவர் எழுதவில்லை. அது சற்றுப் பிந்தி வரட்டும் என்கிறார், அதற்குள் கர்த்தரிடம் ஒரு வார்த்தை பேசிவிட இடம் கிடைக்கிறது.

இடைவெளியைச் சரிசெய்ததும் ஓசை அடங்கியது. அதற்குக் கூலி 15 வெள்ளி. புகை மட்டும் நிற்காததால், மறுநாள் வண்டியை அங்கேயே விட்டுவரச் சொல்லி, என் கண் முன்னே சிலிண்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே இருந்தது பழைய பிஸ்டன். மேல்தலையின் கரியைச் சுரண்டிப் பளபளப்பாக்கியிருந்தார்கள்; பக்கங்களில் மேலிருந்து கீழாக ஓடிய கீறல்களை மறைக்க அவர்களால் முடியவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அந்த ஏமாற்றுக்காரரின் பெயர், கடை, குடும்பம் எல்லாவற்றையும் எழுதி, எங்கள் வட்டார வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்குக் கைப்பேசியை எடுத்தேன். பாதிக்கு மேல் தட்டியும் விட்டேன். பட்டறைக்காரர் என்னைத் தடுக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. பிஸ்டனைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்து, "இது உங்களோட பொருள், டீச்சர். பத்திரமா வெச்சிருங்க, தேவைப்படும்," என்றார். எங்கள் அப்பா பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கீறி, பால் எடுத்தவர். ஸ்டோரில் பாத்திரத்திலிருக்கும் ரப்பர் பாலை உறைய வைக்க அமிலம் ஊற்றும்போது சிறுமியாக அருகில் நின்று பார்த்திருக்கிறேன். உறைந்துபோனதை யாராலும் மறுபடி பாலாக்க முடியாது. அனுப்பு என்ற பொத்தானின்மேல் விரல் இருந்தபோது அந்தப் பாத்திரம் நினைவுக்கு வந்தது. எழுதியதை அழித்தேன்.

அன்றிரவு முதலாம் சாமுவேல் இருபத்தைந்தாம் அதிகாரத்தை வாசித்தேன். மூவாயிரம் ஆடுகளும் ஆயிரம் வெள்ளாடுகளும் வைத்திருந்த நாபால், தன் மந்தையைக் காத்துக் கொடுத்த தாவீதுக்கு ஒரு வேளை உணவு தரவும் மறுத்து அவமானப்படுத்தினான். தாவீதோ நானூறு பேரோடு பட்டயத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். நாபாலின் மனைவி அபிகாயில் குறுக்கே வந்து விழுந்திராவிட்டால் அவர் கையில் இரத்தப்பழி படிந்திருக்கும். நியாயம் அவர் பக்கம் இருந்தது என்பதுதான் இந்தக் கதையில் என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது வருகிற கோபத்துக்கு நாம் எல்லா உரிமையையும் கொடுத்துவிடுகிறோம்.

ஆனால் ஆண்டவரிடம் ஒப்புவிப்பது என்றால் ஏமாற்றத்தை விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நம் சபைகளில் சிலர் சொல்லுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ரோமர் பன்னிரண்டாம் அதிகாரம் பழிவாங்காதிருக்கச் சொல்லி முடிகிறது. அடுத்த அதிகாரமே, அதிகாரத்தில் இருப்பவர் நன்மைக்காக வைக்கப்பட்ட தேவ ஊழியக்காரர் என்று தொடங்கிப் பேசுகிறது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆகவே என்னை ஏமாற்றிய அந்தப் பட்டறைக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணம் கட்டி, பிஸ்டனின் படத்தையும் ரசீதையும் இணைத்து மனு கொடுத்திருக்கிறேன். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமலேயே கொண்டுபோகலாம் என்பதை நம்மவர்கள் பலர் அறியாமலிருப்பது வருத்தமாக இருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. இரவில் சில நேரம் கோபம் திரும்ப வருகிறது. அப்போதெல்லாம் "கோபத்தை நெகிழ்ந்து, உக்கிரத்தை விட்டுவிடு" என்ற முப்பத்தேழாம் சங்கீதத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு படுக்கிறேன்.

மறுபடி சுங்கை சிப்புட் பட்டறைக்கு வருவோம். புதிய பிஸ்டன், ரிங், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 190 வெள்ளி ஆனது. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்காமலேயே ஒரு பையில் போட்டுத் தருகிறார். ஒவ்வொரு பொருளின் விலையையும் கையால் தனித்தனியே எழுதிய ரசீதும் உண்டு. வேலை முடிந்து ஐந்து மாதங்களாகிவிட்டன. புகையும் இல்லை, ஓசையும் இல்லை. அந்த இளைஞருடைய வண்டியின் கீறலைக் காசு வாங்காமல் தேய்த்துக் கொடுத்ததையும் பின்னர் ஒரு நாள் பார்த்தேன், அது அங்கே விழுந்த கீறல்தானா என்பது பட்டறைக்காரருக்கே நிச்சயமில்லை என்றபோதும்.

குறைகளும் இருக்கின்றன. அவர் ஒருவரே எல்லா வேலையையும் செய்வதால் இழுபறி அதிகம். தொலைபேசியை எடுக்கமாட்டார். மழை பெய்தால் சந்தில் தண்ணீர் தேங்குகிறது, உட்கார இடமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. தோட்டத்தில் அதிகாலை வேலைக்குப் போகிறவர்கள் ஒரே நாளில் வண்டி கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். வால்வு வேலை செய்ய வேண்டியிருந்தால் மாலையிலேயே வண்டியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். இரவு முழுவதும் ஆறிக் கிடக்கும் இஞ்சினைத்தான் அவர் காலையில் முதலாவதாகத் திறக்கிறார்.