ஓவியமா, ஒயினா? தென்னாப்பிரிக்க ஏலக்கூடத்தில் இரு தேர்வுகள்

ஓவிய ஏலங்களால் பெயர் பெற்ற தென்னாப்பிரிக்காவின் ஸ்ட்ராஸ் அண்ட் கோ நிறுவனம் 2019இல் ஒயின் ஏலத்திலும் இறங்கியது. அதன்பின், ஒரே நிறுவனத்தின் ஓராண்டு ஏலப் பட்டியல்களில் தென்னாப்பிரிக்க ஓவியர் இர்மா ஸ்டெர்னின் ஓவியங்களும், அந்நாட்டின் கேப் பகுதியில் தயாரான பழைய ஒயின் புட்டிகளும் சேகரிப்பாளரின் பணத்துக்குப் போட்டியிடுகின்றன.

உச்ச விலையை மட்டும் பார்த்தால் ஓவியத்தின் பக்கமே தராசு சாய்கிறது. ஸ்டெர்னின் 'இரு அரேபியர்' ஓவியம் 2011இல் இந்நிறுவனத்தின் ஏலத்தில் 2 கோடி ராண்டுக்கு (தென்னாப்பிரிக்க நாணயம்) மேல் விலை போனது. அதே ஆண்டு லண்டனில் பான்ஹாம்ஸ் நடத்திய ஏலத்தில் அவருடைய 'அரேபிய மதகுரு' 30 லட்சம் பவுண்டைக் கடந்தது. ஒயினிலோ, 2021இல் ஏலம் போன 1821ஆம் ஆண்டின் கிராண்ட் கான்ஸ்டன்ஸ் புட்டி ஒன்று பெற்ற 9,67,300 ராண்டே பெரும் சாதனையாகப் பேசப்பட்டது. செயின்ட் ஹெலெனா தீவில் சிறையிருந்த நெப்போலியன் விரும்பிக் குடித்த, கேப் பகுதியின் கான்ஸ்டன்ஷியா இனிப்பு ஒயினின் வழிவந்த புட்டி அது. அவர் இறந்ததும் அதே 1821இல்தான்.

ஆனால் வாங்குபவருக்கு உச்ச விலையைவிட முக்கியமான கேள்வி, கையில் வருவது அசல்தானா என்பதே. ஓவியத்தில் கையொப்பம், துணியின் பின்புறம், பழைய கண்காட்சிச் சீட்டுகள், கைமாறிய வரலாறு ஆகிய அனைத்தையும் ஏலத்துக்கு முன்பே நேரில் ஆராயலாம். 1939இலும் 1945இலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவுக்குச் சென்ற ஸ்டெர்ன், அங்கிருந்து கொண்டுவந்த செதுக்கு மரங்களைக் கொண்டு தம் ஓவியங்கள் சிலவற்றுக்கு மரச்சட்டம் அமைத்தார். அந்த மரச்சட்டமே ஒரு சாட்சியாகிறது. ஒயினுக்கு இத்தகைய சாட்சி குறைவு. தக்கையின் நிலையையும் ஒயின் நிற்கும் மட்டத்தையும் பார்க்கலாம். எந்த நிலவறையில் எத்தனை ஆண்டு இருந்தது என்று கேட்கலாம். உள்ளே இருப்பது கெடாமல் இருக்கிறதா என்பது திறந்தால்தான் உறுதியாகும். திறந்துவிட்டால் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே பழைய புட்டியை வாங்குபவர் உண்மையில் அதைப் பாதுகாத்தவரின் நேர்மையைத்தான் வாங்குகிறார்.

ஓவியத்துக்கு வேறொரு தடை உண்டு. பாரம்பரியச் சின்னமாகக் கருதப்படும் படைப்புகளை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல, தென்னாப்பிரிக்காவின் 1999ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரிய வளச் சட்டப்படி அனுமதி வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஏலம் கேட்பவர் இதை முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

பணம் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் எனக்கு ஒயினின் மீது மதிப்புக் கூடுகிறது. ஸ்டெர்ன் 1966இலேயே மறைந்துவிட்டார். இன்று அவர் ஓவியத்துக்கு எத்தனை கோடி ஏறினாலும் அது முந்தைய உரிமையாளரின் ஆதாயமே. கேப் ஒயின் தயாரிப்பாளர் சங்கம் 1985 முதல் நடத்திவரும் ஏலத்திலோ, அதற்கென்றே சிறு அளவில் தயாரித்து, பெயர் மறைத்துச் சுவைத்துப் பார்த்துத் தேர்ந்த ஒயின்கள் வருகின்றன. அவற்றை உருவாக்கியவர்கள் உயிரோடிருந்து அந்தப் பலனைக் காண்கிறார்கள். நிலவறையிலிருந்து நேரே வருவதால், அசலா என்ற கவலையும் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

எனவே புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர் முதலில் அந்தச் சங்கத்தின் ஏலத்தில் இளம் ஒயினை வாங்கலாம் என்பதே என் கருத்து. இரு நூற்றாண்டு பழைய புட்டிக்குச் செலவிடும் அளவுக்குப் பணம் இருப்பவர், அதை நேரில் நின்று பார்த்து ஆராயக்கூடிய ஓர் ஓவியத்தில் போடுவதே பாதுகாப்பானது.