மரப்பிசினை நீக்கக் கொடுத்த காரில் கிளியர் கோட் பூச்சையே தேய்த்து எடுத்துவிட்டார்கள்

மரத்தடியில் நிறுத்தியிருந்த என் காரின் பானெட்டிலும் கூரையிலும் பிசின் சொட்டி, வெயிலில் இறுகிப் போயிருந்தது. மொத்தம் இருபது சொட்டுகள்கூட இருக்காது. அவற்றை நீக்கித் தரும்படி கார் பராமரிப்புக் கடை ஒன்றில் வண்டியை விட்டேன். பிசினோடு பெயின்டின் மேற்பூச்சான கிளியர் கோட்டும் போய்விட்டது.

கடைக்காரர் ஒரு சொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பிசின் பெயின்டுக்குள் இறங்கிவிட்டது, வண்டி முழுவதையும் மெஷினில் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து, செராமிக் கோட்டிங் அடித்தால்தான் சரியாகும்" என்றார். காம்பவுண்ட் என்பது பெயின்டின் மேற்பரப்பை நுணுக்கமாகத் தேய்த்தெடுக்கும் பசை, செராமிக் கோட்டிங் என்பது பெயின்டின் மேல் இறுகி நிற்கும் காப்புப் பூச்சு. நான் நம்பினேன். ஏதாவது ஒரு சொட்டை மட்டும் முதலில் எடுத்துக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தால் உண்மை அங்கேயே தெரிந்திருக்கும், கேட்கத் தோன்றவில்லை. மூன்று மணி நேரத்தில் வண்டி தயார் என்று அழைப்பு வந்தது. கூரை போட்ட கொட்டகைக்குள் பார்த்தபோது பளபளவென்றுதான் இருந்தது. கதவைத் திறந்ததும் தின்னர் வாடை வீசியதை நான் பொருட்படுத்தவில்லை.

நான்கைந்து முறை கழுவிய பிறகு அந்தப் பளபளப்பு கரைந்து போயிற்று. நேர்வெயிலில் பானெட் முழுவதும் சிலந்தி வலை போன்ற சுழல் கீறல்கள் தெரிந்தன. பானெட்டின் மடிப்பு விளிம்பில் நிறம் மங்கி, தொட்டால் வறண்டிருந்தது. காம்பவுண்டின் கீறல்களை நிரப்பி மறைக்கும் எண்ணெய்ப் பசை கொண்ட பாலிஷ்கள் இருக்கின்றன. அவை கழுவக் கழுவப் போய்விடும். என் வண்டியில் பூசியிருந்தது அதுதான். செராமிக் கோட்டிங் என்றால், பெயின்டைச் சுத்தம் செய்து, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து, பூசிய பின் பல மணி நேரம் நீர் படாமல் இறுக விட வேண்டும். கழுவி, வண்டி முழுவதையும் தேய்த்து, கோட்டிங்கும் அடித்து மூன்று மணி நேரத்தில் கையில் கொடுக்க முடியாது என்பதை நான் அன்றே கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

பெயின்டின் தடிமனை அளக்கும் கருவி வைத்திருந்த பெயின்டர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். கதவில் 115 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) காட்டிய கருவி, பானெட்டின் விளிம்பில் 75 காட்டியது. தொழிற்சாலையில் அடிக்கப்படும் பெயின்ட் எல்லா அடுக்குகளும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். அதில் மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட் ஏறக்குறைய 40 அல்லது 50 மைக்ரான், அதாவது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பது அந்த அடுக்குதான். சுழலும் மெஷினை விளிம்பில் அழுத்திப் பிடித்தால் சூடேறி முதலில் தேய்வது அந்த இடம். தேய்ந்ததை எந்த வேக்ஸும் பாலிஷும் திரும்பக் கொண்டுவராது. அந்தப் பாகத்துக்கு மறுபடியும் பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல என்பதால்தான் இது எளிதாக எடுபடுகிறது. வாரக்கணக்கில் வெயிலில் காய்ந்த பிசின் கிளியர் கோட்டில் தடம் பதிக்கக்கூடும். ஆனால் தடம் இருக்கிறதா என்பது பிசினை எடுத்த பிறகே தெரியும். தடம் இருந்தாலும்கூட அந்த இடத்தை மட்டும் மெதுவாகப் பாலிஷ் செய்தால் போதும், வண்டி முழுவதையும் தேய்க்க வேண்டியதில்லை.

இப்படி இறுகிப்போகும் மரப்பிசின் பெரும்பாலும் நீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். வண்டியை நிழலில் நிறுத்தி, பெயின்ட் சூடு ஆறிய பின் தூசி போகக் கழுவி, ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியைச் சொட்டின்மேல் ஒரு நிமிடம் வைத்திருந்தால் பிசின் இளகும். அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மிச்சம் இருந்தால் துணியின் சுத்தமான பக்கத்தால் மறுபடியும் அதையே செய்ய வேண்டும். முன்பே ஒருமுறை பெயின்ட் அடித்த பாகமாக இருந்தால், கண்ணில் படாத ஓரிடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஆல்கஹால் வேக்ஸையும் எடுத்துவிடும் என்பதால் முடித்த பின் கழுவி, அந்த இடத்தில் வேக்ஸ் பூசிவிட வேண்டும். தின்னரும் அசிட்டோனும் பெயின்டையே இளக்கக்கூடியவை. அவற்றை எடுத்துவருபவரை உடனே நிறுத்துங்கள். மரத்தடியில் விழும் எல்லாமே பிசினும் அல்ல. அசுவினிப் பூச்சிகள் வெளியேற்றும் இனிப்பான பிசுபிசுப்பு வெதுவெதுப்பான நீரிலேயே போய்விடும்.

கடைக்குத் திரும்பப் போனபோது, பெயின்ட் முன்பே மெலிந்திருந்தது என்றார்கள். மறுப்பதற்கு, வேலைக்கு முன் எடுத்த படமோ தடிமன் அளவோ என்னிடம் இல்லை. ரசீதிலும் பாலிஷ் என்ற ஒரு சொல் மட்டுமே இருந்தது, செராமிக் என்ற பேச்சே இல்லை. வண்டியை விடும் முன் நேர்வெயிலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், என்ன பொருளைப் பூசப்போகிறார்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

கூரையின் பின்பக்கத்தில் அவர்கள் கவனிக்காமல் விட்ட இரண்டு சொட்டுகளைப் பிறகு நானே பார்த்தேன். மேலே சொன்னபடி ஆல்கஹால் துணியை வைத்து எடுத்தேன். இரண்டும் ஐந்து நிமிடத்தில் போய்விட்டன. அடியில் தடம் எதுவும் இல்லை.