பிசையும் பிரெட்டா, பிசையாத பிரெட்டா?

ஈஸ்ட் போட்டு வீட்டிலேயே பிரெட் செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் முன் இரண்டு வழிகள் வந்து நிற்கும். ஒன்று, மாவை நன்றாகப் பிசைந்து மூன்று மணி நேரத்துக்குள் சுட்டு முடிக்கும் பழைய வழி. இன்னொன்று, கரண்டியால் கலந்து மூடிவிட்டு மறுநாள் சுடும் பிசையாத வழி. இரண்டாவதைத்தான் சோம்பேறிகளின் பிரெட் என்று சொல்லி ஆசை காட்டுகிறார்கள். நம் ஊர் வெக்கையில் அதற்குத்தான் மெனக்கெடல் அதிகம் என்பது என் கட்சி.

பிசையாத முறை உலகம் முழுக்கப் பரவியது 2006 நவம்பருக்குப் பிறகு. நியூயார்க்கில் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரியைத் தொடங்கிய ஜிம் லேஹியின் செய்முறை அப்போதுதான் நியூயார்க் டைம்ஸில் வந்தது. மூன்று கப் மாவுக்குக் கால் டீஸ்பூன் ஈஸ்ட், 12 முதல் 18 மணி நேரம் அறை வெப்பத்தில் ஊறல். இதில் அறை வெப்பம் என்பது சுமார் 21 டிகிரி. மே மாதச் சென்னையில் அடுப்படிக்கு அப்படியொரு வெப்பநிலை இருப்பதே தெரியாது. அந்தக் கணக்கை நம்பி இரவு மூடி வைத்தால், விடிவதற்குள் மாவு பொங்கி, அமுங்கி, சாராய வாடையோடு கொழகொழவென்று கிடக்கும். இட்லி மாவு கோடையில் சீக்கிரம் புளிப்பதைப் போலத்தான் இதுவும். ஆனால் இட்லிக்கு லேசான புளிப்பு ருசி. இங்கே எல்லை மீறினால் மாவின் பிடிமானமே போய்விடும்.

அதனால் இங்கே ஃப்ரிட்ஜ்தான் வழி. 400 கிராம் மைதா, கால் டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒன்றேகால் டீஸ்பூன் உப்பு, 280 மில்லி தண்ணீர். கலந்து இரண்டு மணி நேரம் வெளியே, அப்புறம் ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில். பிசையாமலே இது எப்படிச் சரியாகிறது? மைதாவின் புரதம் தண்ணீரோடு சேர்ந்து குளூட்டன் வலை பின்னுகிறது. கை செய்தால் பத்து நிமிஷ வேலை. ஈரம் தாராளமாக இருந்தால் நேரமே அதை மெதுவாகச் செய்துவிடும்.

சிக்கல் மறுநாள் காலையில். இந்த ஈர மாவு விரல் இடுக்கெல்லாம் ஒட்டும். கையை நனைத்துக்கொண்டு, ஓரத்தைப் பிடித்து இழுத்து நடுவில் மடித்து, நாலு பக்கமும் அப்படியே செய்து உருட்ட வேண்டும். பயந்துபோய் மாவைத் தூவிக்கொண்டே இருந்தால் பிரெட் இறுகிவிடும். பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு. சுடுவதற்குக் கனமான இரும்புப் பாத்திரம், மூடியோடு, 230 டிகிரியில் அரை மணி நேரம் காய வேண்டும். மூடிச் சுட 30 நிமிஷம், திறந்து 15 நிமிஷம். மூடிய பாத்திரத்துக்குள் சிக்கும் நீராவிதான் அந்த மொறுமொறு மேல்தோலைத் தருகிறது. சின்ன ஓடிஜி (மேசைமேல் வைக்கும் மின்சார ஓவன்) என்றால் பாத்திரம் உள்ளே போகுமா என்று முதலில் வைத்துப் பாருங்கள். மூடியில் பிளாஸ்டிக் குமிழ் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

பிசையும் பிரெட்டுக்கு இந்தத் தளவாடம் எதுவும் வேண்டாம். 300 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, 190 மில்லி வெதுவெதுப்பான பால், 25 கிராம் வெண்ணெய். வெண்ணெயைக் கடைசியில் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பிசையுங்கள். ஆரம்பத்தில் பிசுபிசுவென்று கையில் ஒட்டும் மாவு, ஒரு கட்டத்தில் தானாகவே கையை விட்டுவிடும். எலுமிச்சை அளவு கிள்ளி விரல்களால் விரித்துப் பார்த்தால், கிழியாமல் மெல்லிய சவ்வாகி வெளிச்சம் தெரிய வேண்டும். இந்த ஊர் வெப்பத்தில் 45 நிமிஷத்திலேயே இரட்டிப்பாகிவிடும். டின்னில் போட்டு இன்னொரு 35 நிமிஷம். 190 டிகிரியில் அரை மணி நேரம், அவ்வளவுதான். அடுப்பு எரியும் நேரம் பிசையாத பிரெட்டில் ஏறக்குறைய பாதி.

ஈஸ்ட் வாங்கும்போது பாக்கெட்டைப் பாருங்கள். ஆக்டிவ் டிரை வகை என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறி நுரைத்த பிறகுதான் மாவில் சேர வேண்டும். அளவும் இன்ஸ்டன்டைவிடக் கொஞ்சம் கூட. இரண்டு வகையுமே கொதிக்கும் பாலில் செத்துப்போகும். கோதுமை மாவு ஆசை இருந்தால் பிசையும் வழியிலேயே பாதிக்குப் பாதி போடுங்கள், தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். முழுக் கோதுமையில் தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் வலையை அறுப்பதால் பிரெட் அவ்வளவாக உப்பாது.

டோஸ்ட், சாண்ட்விச், பிள்ளைகளின் டிபன் டப்பா என்றால் என் ஓட்டு பிசையும் பிரெட்டுக்கே. பால், வெண்ணெய் சேர்ந்த மிருதுவான துண்டு கத்திக்கு அடங்கும், சாண்ட்விச்சில் உதிராது. மட்டன் குழம்பில் தோய்த்துச் சாப்பிடவோ, விருந்தினர் முன் பிட்டு வைக்கவோ மற்றது. அந்த மேல்தோலும் ராத்திரி ஊறலில் வரும் மணமும் டின் பிரெட்டில் கிடைக்காது. ஆனால் கடலோர ஈரக்காற்றில் அந்த மொறுமொறுப்பு சாயங்காலத்துக்குள் நமுத்துவிடும். திரும்ப ஐந்து நிமிஷம் ஓவனில் வைத்தால் மீளும். டின் பிரெட் வெளியே இரண்டு நாள் தாங்கும். மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் வேகமாக வறண்டுபோகும்; துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது நேராக டோஸ்டரில் போடுங்கள்.