‘ரேடியம்’ கேட்டால் மூன்று வரும்

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டிக்கர் கடை. "அண்ணே, இருட்டுல தெரியற ரேடியம் இருக்கா?" என்றேன். மூன்றை எடுத்துப் போட்டார். பளீர் ஆரஞ்சுத் தாள், நம்பர் பிளேட்டுக்கு ஒட்டும் பளபளா ஷீட், வெளிறிய பச்சை நட்சத்திரம். மூன்றிலும் ரேடியம் கிடையாது. அந்தக் காலத்துக் கடிகார முள்ளில் நிஜ ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமத்தைக் கலந்து பூசினார்கள்; பெயர் மட்டும் நம்மிடம் ஒட்டிக்கொண்டது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான்: புயலில் கரண்ட் போனால் டார்ச் எங்கே என்று தெரியணும். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் வந்தபோது தடவிய தடவல் கடலூர்க்காரர்களுக்குத் தெரியும்.

ஆரஞ்சுத் தாள் ஃப்ளோரசன்ட் வகை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் நீலத்தையும் விழுங்கும். அதில் கொஞ்சம் சூடாகப் போய்விட, மிச்சத்தை ஆரஞ்சாக வெளியே விடும். எல்லாம் சில நானோ நொடிகளுக்குள். அதனால்தான் சாயங்கால மங்கலில் சாதாரண ஆரஞ்சைவிடத் தூக்கித் தெரிகிறது. விளக்கை அணைத்தால் அந்த நொடியே அவுட். வெயிலில் கிடந்தால் சாயமும் வெளுத்துவிடும். இதே வித்தை நம் அடுப்பங்கரையிலும் இருக்கிறது: மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கரைத்து, நோட்டு சோதிக்கும் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள், பச்சையாக மின்னும். 1852இல் இந்த வித்தைக்கு ‘ஃப்ளோரசன்ஸ்’ என்று பெயர் வைத்தவர் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ்.

பளபளா ஷீட்டுக்குச் சொந்த வெளிச்சமே இல்லை. உள்ளே இருக்கும் கண்ணாடி மணிகள், வந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். ஈசிஆரில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு உயிர் காக்கும். எனக்கோ, டார்ச்சைத் தேட இன்னொரு டார்ச் வேண்டியிருக்கும்!

மிச்சம் நட்சத்திரம். வாங்கிய ஆற்றலை இது உடனே விடாது. ஏதோ குழியில் விழுந்த மாதிரி எலக்ட்ரான்கள் உள்ளே சிக்கிக்கொள்ளும்; அறையின் சூடு ஒவ்வொன்றாகத் தள்ளிவிட, மெல்ல ஒளி கசியும். செம்பு சேர்த்த துத்தநாக சல்ஃபைடு என்றால் சீக்கிரம் மங்கிவிடும். யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் சேர்த்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்றால் மணிக்கணக்கில் நிற்கும். கடையிலேயே செல்போன் லைட்டை அரை நிமிடம் காட்டி, உள்ளங்கையால் பொத்திப் பார்த்தேன். பச்சை நின்றது. வாங்கிவிட்டேன்.

ஆனால் அலமாரிக்குள் வைத்தால் ஒன்றுக்கும் ஆகாது. வெளிச்சம் குடித்தால்தான் கக்கும். டார்ச்சில் ஒட்டி, ட்யூப்லைட்டுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். "ராத்திரியில பூனைக்கண்ணு மாதிரி முறைக்குதுடா" என்கிறாள் அம்மா. பூனைக்கண் இரண்டாவது வகை என்று விளக்கப் போனால் சோறு கிடைக்காது.